கிறுகு

அதிபர் தந்த கடிதத்தில்
"கௌரவ பயிற்றுநர்" என்றிருந்தது.
கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று
விளங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.
காலையில் தபால் கந்தோரில் முத்திரை குத்துவேன்.
நாலு மணிக்குச் சைக்கிள்.
கல்லடிப் பாலத்தில் காற்று முகத்தில் அறையும்.
காரியரில் இரண்டு பந்து, ஒன்று ஓட்டை.

எனக்குத் தெரிந்த ஆட்டம் ஒரே ஒரு சொல்.
கிறுகு.
பந்து காலுக்கு வரமுன்னம் தோள் கிறுகவேணும்,
தோளுக்கு முன்னம் கண்.
"கிறுகு மனே, கிறுகு" என்று
எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவேன்.
யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றோடு ஆடியபோது
அவர்களுடைய கோச் வந்து கேட்டார்,
அது என்ன ரகசியக் குறியா என்று.
திரும்பு என்பதுதான் ஐயா,
எங்கட ஊரில இப்படித்தான் என்றேன்.
நம்பவில்லை.
நாலுக்கு ஒன்று. நாலு எங்களுக்கு.

மார்கழியில் மைதானம் வாவியோடு சேர்ந்துவிடும்.
பெனால்டிப் பெட்டிக்குள் நின்று
ஜப்பான் மீன் பிடித்தான் எங்கள் கோலி பார்த்தலட்.
பந்தைவிட அதை இறுக்கிப் பிடித்தான்.

ஒரு ஆவணி விடியலில்
அதே மைதானத்தில் எங்களை இருத்தினார்கள்,
ஊர் ஆண்கள் எல்லோரையும்,
நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்.
ஜீப்புக்குள் சாக்குப் போட்ட ஒரு தலை.
ஒவ்வொருவராக அதன் முன்னால் நடக்கவேண்டும்.
என் வலது விங்கர் சதாகரன் நடந்தான்.
சாக்கு ஆடியது.
அவன் கிறுகி என்னைப் பார்த்தான்.
கண், தோள், பிறகு கால்.
ஒரு பிழை இல்லை.

அடுத்த கிழமை பயிற்சி வைத்தேன்.
ஒன்பது பேர் வந்தார்கள்.
வைத்தது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவன் தாய் தபால் கந்தோருக்கு வந்தாள்.
கடிதம் ஏதும் வந்திருக்கா தம்பி?
இல்லை என்று தெரிந்தும்
தட்டுகளை ஒவ்வொன்றாகத் துழாவினேன்.
புதன்கிழமைகளில் வருவாள்,
நான் பென்சன் எடுக்கும்வரை.

மறுகா, வென்றதும் உண்டு.
மாகாணக் கிண்ணம் இரண்டு தரம்.
இரண்டாவதுக்கு ஒரு காது இல்லை,
அப்படியேதான் தந்தார்கள்.
கடல் வந்த வருசம் மைதானம் முழுக்கக் கூடாரம்.
கோல் கம்பத்தில் யாரோ நைலக்ஸ் சாரி காயப்போட,
முகாம் பெடியன் ஒருவன் பந்தைச் சாரிக்குள் அடித்தான்.
நல்ல அடி.
சாரிக்காரி வந்து ஏசினாள், என்னையும் சேர்த்து.

பிறகு லைசன்ஸ் வேணும் என்றார்கள்.
ஐம்பத்தேழு வயதில் கொழும்பில் பதினொரு நாள்.
சிங்களத்தில் பாதி, இங்கிலீசில் பாதி.
செம்மஞ்சள் கூம்புகள், வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள்.
அம்பு வளைந்த இடமெல்லாம்
கொப்பியில் கிறுகு என்று எழுதிவைத்தேன்.
எழுத்துப் பரீட்சையில் மூன்று புள்ளி குறைவு.

பொன்னாடை, சுவர்க்கடிகாரம், பேச்சுகள்.
கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது.
திருத்தச் சொல்லி மனைவி கரைச்சல் தருகிறாள்.
மேலதிக நேரம் என்று விட்டிருக்கிறேன்.

நேற்று மதிலோரம் சைக்கிளை நிறுத்தினேன்.
புதுக் கோச் நிஸ்வான், ஓட்டமாவடி ஆள்,
கெட்டிக்காரன், லைசன்ஸ் உள்ளவன்.
"டேர்ன்! டேர்ன்!" என்று கத்துகிறான்.
முழங்கால்வரை ஜேர்சி தொங்கும் ஒரு சின்னவன்,
கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறான், பந்து வருகிறது.
சொல் என் பல்லுவரை வந்துவிட்டது.
வாயை மூடிக்கொண்டேன்.
அவன் கிறுகவில்லை.
குதியால் பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டான்.
பார்க்கவே இல்லை. கம்பத்தில் பட்டு உள்ளே போனது.
ஒருநாளும் நான் சொல்லிக்கொடுக்காதது.
நிஸ்வானும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டான்,
தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

மீன் சந்தை பூட்டமுதல் போகவேணும்.
நாளைக்குத் தபால் கந்தோர், கரண்ட் பில் கட்ட.
நாளைக்கு என்ன கிழமை என்று
வழியில் ஒருவரிடம் கேட்டேன்.
புதன் என்றான்.
வியாழன் போவேன்.