நானூற்றில் ஒன்று

கட்டுநாயக்கவில் மூன்று நாள் கிடந்தது பெட்டி.
சுங்கப் படிவத்தில் ஒரு கேள்வி:
உயிருள்ளதா, உயிரற்றதா?
உயிரற்றது என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
உலர்பனி முக்கால்வாசி ஆவியாகியிருந்தது.
மிச்சத்தைக் கிளறினால்
சுண்டுவிரல் நுனியளவு குப்பி,
அதன் அடியில் நூறு மைக்ரோலீற்றர்,
என் இரண்டு மாதச் சம்பளம்.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர்.
இடையின ரகரம் போட்டு
ஒரு புள்ளி இழந்திருக்கிறேன்.

எந்த நாட்டிலோ ஒரு முயலுக்கு
மனிதத் தோலின் நாரைக் கரைத்து ஊசி போட்டார்கள்.
இது நானல்ல என்றது அதன் இரத்தம்.
அன்று சொன்னதை,
முயல் செத்து எத்தனையோ காலம்,
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது குப்பி.

பொரளையில் நாலாம் மாடி.
மெழுகில் புதைத்த தழும்புகள்,
ஐந்து மைக்ரோன் தடிப்பில் சீவியவை.
பெயர் இல்லை, இலக்கம்தான்.
பதினேழு: பெண், வயது முப்பத்தொன்று, இடத்தோள்.
புதுக்காயத்தில் மூன்றாம் வகைக் கொலஜன்
அவசரத்துக்கு ஒரு வலை பின்னும்.
ஒன்றாம் வகை ஆறுதலாய் வந்து
கயிறு திரிக்கும்.
திரித்தது எவ்வளவு என்பதுதான் எங்கள் ஆய்வு.

நானூற்றில் ஒன்றாய்க் கலந்து
ஸ்லைட்டுக்கு ஒரு துளி.
ஒன்றே ஒன்றில் மட்டும் வெறும் கரைசல்.
விடியும்வரை நாலு பாகையில் கிடக்கட்டும் என்று
குளிர்ப்பெட்டிக் கதவைச் சாத்துகையில்
கரண்ட் போனது.

ஜெனரேட்டர் எங்கள் மாடிக்கு இல்லை.
ருஸ்னா குடையை எடுத்தாள், நான் ரெஜிஃபோம் பெட்டியை.
தெருவில் கணுக்கால் தண்ணீர்.
பலூடாக் கடைப் பையன் ஐஸை உடைத்தபடி கேட்டான்:
எத்தனை பேருக்கு மிஸ்?
ஒரு முயலுக்கு, என்றாள் ருஸ்னா.
அவன் சிரிக்கவுமில்லை, காசு வாங்கவுமில்லை.
சிரப் சிந்திய கட்டி ஒன்றையும்
மேலதிகமாய்ப் போட்டான்.

காலையில் பழுப்பு ஏறியது.
நானூற்றில் ஒன்றாய்க் குறைத்ததை
நானூறு மடங்காய்ப் பார்க்கிறேன்.
பதினேழில்
துறைமுகத்து வடங்கள் போலத் தடிதடியாய்,
எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டு,
நடுவில் ஒரு மயிர்க்கால்கூட இல்லாமல்.
ருஸ்னா ஒருமுறை பார்த்தாள்.
தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

வெறும் கரைசல் விட்ட ஸ்லைட்
நீலமாகவே இருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும்.
அதுவும் பதினேழுதான், அடுத்த சீவல்.
அதே வடம் அங்கேயும் கிடக்கிறது.
கேட்க ஒருவரையும் அனுப்பவில்லை நாங்கள்.
கறை இல்லை என்று குறிப்பேட்டில் பதிந்தேன்.

நோயாளிப் படிவத்தில்
காயத்தின் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு.
'வீட்டில், தற்செயல்' என்று எழுதி
தற்செயலை வெட்டி
மறுபடியும் தற்செயல் என்று எழுதியிருந்தது,
வேறு பேனையால்.

குப்பியின் லேபிள் சொல்கிறது:
ஆய்வுக்கு மட்டும்.
மிச்சத்தை ஐந்தாய்ப் பிரித்து உறைய வைத்தேன்.
ரெஜிஃபோம் பெட்டியைச் சிங்கில் கவிழ்த்தேன்.
ரோஸ் நிறத் தண்ணீர்.
கொஞ்ச நேரம் போகாமல் நின்று
பிறகு போனது.