ஒற்றை டிக்

பதிஞ்சு இருபத்திரண்டு நாளாச்சு,
எப்ப வரும் என்கிறார் மெஸ் வயிரவன்.
கப்பல் வரணும் என்கிறேன்.
சிரிக்கிறார்.
பள்ளத்தூர் கேஸ் ஏஜென்சிக்கும் கப்பலுக்கும்
என்ன தாயி சம்பந்தம்?

ரசீதைத் திருப்பிப் போட்டு வரைகிறேன்.
மேலே ஈரான். கீழே ஓமானின் மூக்கு.
நடுவில் ஹோர்முஸ்.
கரைக்குக் கரை, நம்ம பஸ்ஸில்
காரைக்குடி ஏறி
தேவகோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம்.
அதிலும் பெரிய கப்பலுக்கு
போக ஒரு தடம், வர ஒரு தடம்,
ஒவ்வொன்றும் இரண்டே கடல் மைல்.
இங்கே வீடுகளுக்காவது
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
அந்த வளைகுடாவுக்கு ஒரே வாசல்.

தலையாட்டினார். புரியவில்லை.
முடுக்கைச் சொன்னேன், புரிந்தது.

அவர் மெஸ்ஸுக்குப் போகும் முடுக்கு
பங்காளிகள் இருவரின் மதில்களுக்கு நடுவே
சைக்கிள் ஹேண்டில் உரசும் அகலம்.
போன ஆனியில் கிழக்கு வீட்டுக்காரர்
ஓடாத ஸ்கூட்டர் ஒன்றைக் குறுக்கே நிறுத்தினார்.
யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை.
ஸ்கூட்டர் நின்றது.
நாலு நாள் பஸ் ஸ்டாண்டில் இட்லி இல்லை.
ஐந்தாம் நாள் மேற்கு வீட்டுக்காரர்
கிணற்றடியை எழுதிக் கொடுத்தார்.

என் தம்பி சேசுராசு
அந்த வாசலுக்கு உள்பக்கம் இருக்கிறான்,
கேஸ் கப்பலில் பம்ப்மேன்.
பதினோரு நாள் நங்கூரத்தில்.
முந்தாநாள் ராத்திரி எழுதினான்:
இன்னைக்குக் கடக்குறோம்.
கப்பல் இருக்குற இடம் சொல்ற கருவியை அணைச்சிருவாங்க.
படத்துல காணலேன்னா பயப்படாதே.
அம்மாட்ட சொல்லாதே.

செல்போன் வரைபடத்தில்
கேஷ்ம் தீவுக்குப் பக்கம்
ஆரஞ்சு நிறத்தில் ஓர் அம்புக்குறி.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
வெறும் நீலம்.

அதற்குப் பிறகு நான் அனுப்பியதெல்லாம்
ஒற்றை டிக்.

இதை வயிரவனிடம் சொல்லும் எண்ணமே இல்லை.
சொல்லிவிட்டேன்.

குடோனில் மிச்சமிருந்த சிலிண்டர் ஒன்றுக்கு
சேவுகன் சோப்பு நுரை தடவுகிறான்.
அந்த வாய்க்குள் கட்டைவிரல் நுழையாது.
நுரை பொங்குகிறதா என்று
மூன்று பேரும் குனிந்து பார்க்கிறோம்.
பொங்குகிறது.
திருப்பி அனுப்பணும் என்கிறான் சேவுகன்.

வயிரவன் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார்,
ஈரான் உள்பக்கமாக.
அப்ப உங்க தம்பி வந்தா
எனக்கும் வந்துரும்?
வந்துரும் என்றேன்.
விறகு சொல்லியிருக்கேன் தாயி, என்றார்,
ஈர விறகு.
புகையும்.