திறந்தது, மூடியது

பின்கதவுக்கு நான்கு எண்கள்.
மாதத்துக்கு ஒருமுறை மாறும்.
புது எண்ணைச் சட்டைப்பை அட்டையின் பின்புறம்
பென்சிலில் எழுதிக்கொள்வோம்.
ஞாபகம் நழுவுகிறவர்கள் பனியில் இறங்கிவிடக் கூடாது,
அதற்குத்தான்.

கெமி நகரில் கடல் உறைந்து சாலையாகிவிடும் மாதம்.
இரவு வேலைக்கு வந்ததும் கணினியைப் பார்ப்பேன்:
யார் சாப்பிட்டார், யார் துப்பினார்,
கலெவி எத்தனை சர்க்கரைக் கட்டிகளைக்
காலுறைக்குள் ஒளித்தார்.
அதற்கும் கீழே, கதவின் கணக்கு.
5:10 திறந்தது. 5:11 மூடியது.
நேற்றும் அதே. முந்தாநாளும்.

தார்யாவைக் கேட்டேன். நான் இல்லப்பா என்றாள்.
சமையல்காரர், குப்பை ஆறரைக்குத்தான் போகும் என்றார்.

ஒரு சனிக்கிழமை முன்கூட்டியே வந்து
சலவை அறை இருட்டில் நின்றேன்.

ஹில்கா ரவுத்தியோ.
காகித ஆலையில் முப்பத்தெட்டு வருடம்
சம்பளக் கணக்கு எழுதியவர்.
மகனின் பெயரை மறந்தவர்.
தினமும் என்னை, "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று விசாரிப்பவர்.
நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
பல்லிடுக்கில் ஒரு ஹேர்பின்.
நான்கு எண்களையும் தட்டினார்
விசைகளைப் பார்க்காமலே,
கூட்டல் இயந்திரத்தில் பழகிய விரல்.

கதவு திறந்தது.
குளிர் உள்ளே வந்து அவர் அங்கியின் நுனியை ஆட்டியது.
அவர் இறங்கவில்லை.
படியில் நின்றபடியே வலதுபக்கம் பார்த்தார்,
இடதுபக்கம் பார்த்தார்,
ஆலையின் புகைபோக்கி இருந்த திசையில்
கொஞ்சம் கூடுதலாக.
பிறகு, கடைசி ஆளும் வீட்டுக்குப் போயாயிற்று என்பதுபோல்
தலையசைத்துக் கதவைச் சாத்தினார்.
சாத்தியதை ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.
அதற்குப் படிவம் இருக்கிறது, மூன்று பக்கம்.

பிப்ரவரியில் எண் மாறியது.
ஏழு நாள் கதவின் கணக்கில் ஒன்றுமில்லை.
ஹில்கா சூப்பைத் தள்ளிவைத்தார்.
கலெவியைத் திருடன் என்றார் (அது உண்மைதான்).
இரவெல்லாம் நடந்து நடந்து
மற்றவர் அறை விளக்குகளை அணைத்தார்,
படித்துக்கொண்டிருந்தவர்களின் விளக்குகளையும்.
ஏழாம் இரவு என் அட்டை
அவர் மேசையில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது.
மறதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
எங்களுக்கும் வயதாகிறது.

எட்டாம் நாள், 5:10.

ஏப்ரலில் இடுப்பெலும்பு முறிந்தது.
இப்போது படுக்கை, ஜன்னல், குழாய் ஒன்று.
ஐந்து மணி தாண்டியதும்
போர்வைமேல் அவருடைய விரல் அசைகிறது, நான்கு தட்டு.
நிற்கிறது. மறுபடி நான்கு.
எதுவும் திறக்காத முகம்.

நான் நாலே முக்காலுக்கே வந்துவிடுகிறேன்.
சம்பளம் ஏழிலிருந்துதான்.
இதை ஹில்காவிடம் சொல்லவில்லை,
சொன்னால் கணக்கில் ஏற்றாமல் விடமாட்டார்.

முதல் நாள் போய்த் திறந்தேன்.
வலதுபக்கம் பார்த்தேன், இடதுபக்கம் பார்த்தேன்.
உருகும் பனி, தார்யாவின் சைக்கிள்,
புகைபோக்கி இல்லாத வானம்.
சாத்தி, இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து
காதருகே குனிந்தேன்:
"எல்லாரும் போயாச்சு."

கண்ணைத் திறக்காமல் கேட்டார்:
"விளக்கு?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைய கணக்கில் நான்கு வரிகள்.
5:10 திறந்தது. 5:11 மூடியது.
5:13 திறந்தது.
5:13 மூடியது.