நிறை மாதம்

ஸ்கான் அறையில் அவள் சொன்னது
நாலு கிலோ முன்னூறு.
கூடியோ குறைந்தோ
பதினைந்து வீதம் பிழைக்கலாம் என்றாள்,
ஜெல்லைத் துடைக்கக் கடதாசி தந்தபடி.

வென்ட்வொர்த்வில் தபாற்கந்தோரில்
ஆறு வருடம் பொதி நிறுத்தவள் நான்.
பதினைந்து வீதம் பிழைக்கிற தராசை
ஒரு நாளும் மேசையில் விடமாட்டோம்.
அளவை அதிகாரி வந்து
சிவப்புத்தாள் ஒட்டிவிட்டுப் போவார்.

நாலு முன்னூறு எவ்வளவென்று
என் கைக்குத் தெரியும்.
பெர்த்துக்குப் போகும் இரண்டு சோடி சப்பாத்து,
தடித்த புத்தகம் ஒன்று,
மேலே ஒரு கிறிஸ்மஸ் கேக்.
அதைக் கண்ணாடிக்குக் கீழுள்ள இடைவெளியால்
யாரும் தள்ளுவதில்லை.
பக்கக் கதவைத் திறந்து வாங்குவோம்.

பக்கக் கதவு.
டாக்டரும் அதைத்தான் சொன்னார்,
வேறு சொற்களில்,
மூன்று பெட்டி போட்ட ஒரு தாளோடு.
முப்பத்தொன்பதாம் கிழமையில் வலியைத் தூண்டலாம்,
அல்லது வெட்டலாம்,
அல்லது காத்திருக்கலாம்.
முடிவு உங்களுடையது.
பயத்தைக்கூட இங்கே
தெரிவுசெய்யத்தான் தருகிறார்கள்.

சீனிச் சோதனை சரியாம்.
அந்த ஆரஞ்சுத் தண்ணியைக் குடித்து
இரண்டு மணி நேரம் வாந்தியை அடக்கி இருந்தும்
குற்றம் சொல்ல
ஒரு மாம்பழம்கூட அகப்படவில்லை.

தோள் சிக்குவது என்று ஒன்று உண்டு.
தலை வந்துவிடும். பிறகு
அறையில் எல்லோரும் நிமிடம் எண்ணுவார்கள்.
அதை நான் தேடிப் படித்திருக்கக் கூடாது.
கேதீசன் போனைப் பறித்து
ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தான்.
கதிரை போட்டு ஏறிவிடுவேன் என்று பயந்து
பிறகு தானே எடுத்துத் தந்தான்.

டிசம்பர். முப்பத்தொன்பது பாகை.
காற்றாடி வெக்கையைக் கூடத்திலிருந்து எடுத்து
குசினிக்குக் கொண்டுபோய் வைக்கிறது.
பக்கத்து வீட்டு லோசா
வேலிக்கு மேலால் வயிற்றைப் பார்த்துக் கைதட்டுகிறாள்.
அவளுக்கு மூன்று ஆண்பிள்ளைகள்,
மூன்றும் ஐந்து கிலோ,
மூன்றும் இப்போது ரக்பி.
அவளுடைய இடுப்பைப் பார்க்கிறேன்.
என்னுடையதைப் பார்க்கிறேன்.
நல்ல ஆறுதல்தான்,
என் அளவில் இல்லை.

இரவு அம்மாவுக்கு எடுத்தேன்.
நான் பிறக்கேக்குள்ள எவ்வளவு நிறை?
வீடியோவில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.
“உன்னை ஆர் நிறுத்தது?
தராசு இருந்த அறைக்கு
அண்டைக்குக் கூரை இல்லை.
மருத்துவிச்சி ஒருக்கா தூக்கிப் பாத்திட்டு
பாரமாத்தான் கிடக்கு எண்டவ.”
அப்ப கார்டில மூண்டு கிலோ எண்டு இருக்கே?
“அது பிறகு ஆரோ எழுதினது.
அந்த மாசம் பிறந்த எல்லாருக்கும் மூண்டு கிலோ.”

முதல் நாள் மெலனி கேட்டபோதும்
மூன்று கிலோ என்றுதான் சொன்னேன்.
கர்ப்பப் புத்தகத்தில்
நீல மையில் இருக்கிறது.

விடியப்புறம் மூன்று மணி.
ஒடுங்கிய கட்டிலில் புரள்கிறவர் போலப்
பிள்ளை பக்கம் மாறுகிறது.
முழங்கையோ குதியோ, விலாவுக்குக் கீழே.
எழுந்து நின்று
வயிற்றை அடியிலிருந்து இரு கையாலும் ஏந்துகிறேன்,
கவுண்டரில் செய்வதைப்போல.
தராசில் வைக்குமுன்
கை ஒரு எண் சொல்லும்,
அநேகமாகச் சரியாக இருக்கும்.

கை ஒன்றும் சொல்லவில்லை.
எது பிள்ளை, எது நீர், எது நான்,
பெட்டியைக் கழித்துப் பொருளை நிறுக்கிற
அந்தப் பொத்தான் என்னிடம் இல்லை.

பாரமாத்தான் கிடக்கு, என்றேன் சத்தமாக.
“என்னது?” என்றான் கேதீசன் நித்திரையில்.
கையை நீட்டு என்றேன்.
நீட்டினான்.
கொஞ்சப் பாரத்தை அதில் இறக்கி வைத்தேன்.

கதவொன்று படாரென்று அடித்தது.
தெற்குக் காற்று, கடைசியில்.
குசினியில், காந்தத்துக்குக் கீழே,
அந்தத் தாள் படபடக்கும் சத்தம்.
வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.
இன்று புதன்.
இல்லை, விடிந்தால் வியாழன்.