பெயர் கூப்பிடுகிற வேலை

ஸ்பைட்ஸ்டவுன் கிளினிக்கில் எனக்குச் சம்பளமே
பெயர் கூப்பிடுவதற்குத்தான்.
காலை ஏழரைக்கு அட்டைகளைத் தட்டி அடுக்குவேன்:
சர்க்கரைக்கு நீலம், ரத்த அழுத்தத்துக்கு மஞ்சள்.
குரல் மட்டும் ஆண்டவன் தந்தது,
மீன் சந்தைவரை கேட்கும் என்பார்கள்.

ராணியின் படத்தை இறக்கிய பிறகு
சுவரில் வெளுக்காத ஒரு சதுரம் மிச்சம்.
அதையே பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் மிஸஸ் கிட்டன்ஸ்
ஒருநாள் அட்டைகளையெல்லாம் வாரிக்கொண்டு போனார்.
திரும்பி வந்தபோது ஒரே ஓர் அட்டையில்,
பெயருக்கு முன்னால்,
வெள்ளை மை காய்ந்துகொண்டிருந்தது.
"குடியரசில் எல்லாரும் வெறும் பெயர்தான்" என்றார்
தன்னை மட்டும் மிஸஸ் என்று கூப்பிடச் சொல்கிறவர்.

வியாழக்கிழமை. எண் நாற்பத்தொன்று.
"எல்ஸ்மியர் இன்னிஸ்!"
யாரும் எழவில்லை.
"எல்ஸ்மியர் இன்னிஸ்!"
மின்விசிறி சுற்றியது. ஒரு குழந்தை தும்மியது.
மூன்றாம் வரிசையில்தான் இருந்தார்,
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து,
யாரப்பா இந்த மனிதன், ஏன் வரமாட்டேன் என்கிறான்
என்பதுபோலத் தானும் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

பட்டம் வந்து இருபத்தாறு வருஷம்.
அதற்குமுன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்
பெரும்பாலும் இப்போது கல்லறையில்.

சக்கர நாற்காலி தள்ளுகிற டாரியன் சிரித்தான்:
"காதெல்லாம் நன்றாகக் கேட்கும். 'சர்' போடாமல் எழமாட்டார்.
தோளில் வாளை வைத்தார்களாம்.
அந்த வாள் அதற்குமுன் எங்கே இருந்தது
என்று கேட்டாரா?"
காலில் கட்டுப்போட்ட மீன்காரி வெல்மா விடவில்லை:
"உன் வீட்டுக் குழாயைத் திறந்து கேள்,
மலைமேல் தண்ணீரை ஏற்றியது யாரென்று.
அவர்கள் கொடுத்தது ஆகாது, சரி.
நீ என்ன கொடுத்தாய், வறுத்த மீனா?"

கவுண்டரைவிட்டு இறங்கிப்போய்
அவர் காதருகே குனிந்தேன்.
நாக்கில் இரண்டும் இருந்தன.
கடைசியில் "நாற்பத்தொன்று" என்றேன்.
கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.
"அட, நான்தான்."

நர்ஸ் அவர் புஜத்தில் பட்டையைச் சுற்றினாள்.
அவளுக்கு எல்லாரும் 'டார்லிங்', பிரச்சினையே இல்லை.
காற்று ஏற ஏற அவராகவே பேசினார்,
கதவைப் பிடித்து நின்ற என்னிடமா, பட்டையிடமா, தெரியாது.
"என் அப்பா கரும்பு வெட்டினவர்.
எடை போடுகிறவனுக்கு நாளைக்கு நூறு 'சர்'.
தொப்பியைக் கழற்றி ஒன்று, மாட்டி ஒன்று,
எடையைக் குறைத்துச் சொன்னபோதும் ஒன்று.
நாற்பது வருஷம் அந்தச் சொல்
எங்கள் வீட்டிலிருந்து வெளியே போய்க்கொண்டே இருந்தது.
ஒரே ஒரு முறை உள்ளே வந்தது.
வாசலில் நிறுத்தி, உன்னை அனுப்பியது யாரென்று கேட்க
எனக்கு மனசு வரவில்லை."

காற்று இறங்கியது.
"கேட்டிருக்கலாம்" என்றார்.

நூற்று அறுபத்தெட்டு, தொண்ணூற்றாறு.
உப்பைக் குறை, டார்லிங்.

ஈஸ்டர் வாரம்.
வெளியே மின்கம்பியில் ஒரு பட்டம் மாட்டியிருந்தது,
ஆறு மூலை, வாலுக்குக் கிழிந்த சட்டைத்துணி.
நூல் என்றைக்கோ அறுந்தாயிற்று,
பிடித்திருந்த கை எந்தத் தெருவில் இருக்கிறதோ.
கடற்காற்று திரும்பும்போதெல்லாம்
அதன் காகித நாக்கு இன்னும் உறுமுகிறது.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
எதுவும் சொல்லவில்லை.

டாரியன்தான் கார் கதவைத் திறந்துவிட்டான்.
"பார்த்து, தலை இடிக்கும், சர்."
சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு
என் பக்கம் திரும்பினான்.
"அது வயசுக்குச் சொன்னது."
நான் கேட்கவே இல்லையே, டாரியன்.

உள்ளே வந்தேன். அடுத்த அட்டை, நீலம்.
பெயர் கொட்டை எழுத்தில் தெளிவாகத்தான் இருந்தது.
"நாற்பத்திரண்டு!" என்றேன்,
மீன் சந்தைவரை கேட்கும்படி.
மிஸஸ் கிட்டன்ஸ் முறைத்தார்.