பதின்மூன்றாம் மாதம்

இலோயிலோவில் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்.
கடைசி மாதத்துக்கு நாட்கள் கிடையாது,
சம்பளம் மட்டும் உண்டு;
கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள்
வேலை செய்கிறவர் கைக்கு வந்துவிட வேண்டும்.
சட்டம் அப்படி.

நான் கணக்கு எழுதுகிறவள்.
ஒரே தெருவில் ஏழு கடை:
டயர், தையல், மீன்வலை, இரண்டு மருந்துக்கடை,
சவப்பெட்டி செய்யும் தெயோடுலோ,
ஏழாவது எவுஃபேமியோவின் ரொட்டிக்கடை.
யார் வீட்டு உலையில் எத்தனை பிடி அரிசி என்று
பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

தெயோடுலோ வாயைத் திறந்தால் வசவு.
ஆனால் முப்பதாம் தேதி உச்சிவேளைக்குள் சம்பளம்.
சாவு கடன் சொல்வதில்லை என்பார்,
நானும் சொல்ல மாட்டேன்.

எவுஃபேமியோ இனிமையான மனிதர்.
"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்.
குடும்பத்தில்
கருகிய தட்டுக்கு முப்பது பெசோ பிடிப்பதில்லை.
வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு
யாரும் சாப்பிட உட்காருவதில்லை.
இருந்தாலும் சொல்லியாக வேண்டும்:
ரோடெலின் மகளுக்கு டெங்கு வந்தபோது
ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்றவர் அவர்தான்.
அந்த இரவுக்கு ரோடெலின் கூலியை வெட்டியவரும் அவர்தான்.
நான் எழுதியது ஒன்றைத்தான்.
மற்றதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

கிறிசாந்தா இரவு இரண்டு மணிக்கே வந்துவிடுவாள்.
ஒன்றரை மூட்டை மைதா.
எந்திரம் நின்றால் முழங்கை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
இந்தத் தெருவின் காலைப் பசிக்கெல்லாம்
உப்பிட்டவள் அவள்.
யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி மாலை
மூன்று வவுச்சர்களை என் பக்கம் தள்ளினார்.
தொகை எழுதியிருந்தது. தேதி எழுதியிருந்தது.
மேசையில் பணம் இல்லை.
"மாவு என்ன விலை விற்கிறது, உனக்குத் தெரியாததா?
கையெழுத்தை மட்டும் வாங்கி வை.
புது வருஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்."

தெரியும்.
ஜூலையிலிருந்து அவர் தனக்கென்று
ஒரு பெசோ எடுக்கவில்லை என்பதும் தெரியும்.
எனக்கே இரண்டு மாதப் பாக்கி.
பேனாவை நீட்டினேன்.

நெனித்தா போட்டாள். ரோடெல் போட்டான்.
கிறிசாந்தா விரலில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு
மேலிருந்து கீழாக, கடை முகவரி உட்பட, படித்தாள்.
பிறகு கோடு போட்ட இடத்துக்கு மேலே
பள்ளிக்கூட எழுத்தில்
இன்னும் வாங்கவில்லை
என்று எழுதி
அதன் கீழ் அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

அடுப்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
எவுஃபேமியோவின் காது மடல் சிவந்தது.
எழுந்து போனார்; மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம்.
ஒன்பது மணிக்கு ஜீப்னியில் வந்து இறங்கினார்.
மூன்று பேருக்கும் பாதிப் பாதி.
மீதி ஜனவரியில்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
எனக்கு ஒரு பை ரொட்டி,
நேற்றையது.

ஜனவரி ஒன்பதாம் தேதி மீதிப் பணம் வந்தபோது
கிறிசாந்தா அங்கே இல்லை.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை,
நாளுக்குப் பதினோரு பெசோ கூட.
ஏப்ரனை எடுத்துப் போய்விட்டாள்,
அதற்குப் பிடித்துக்கொள் என்றார்.
பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
பிறகு உறையை என்னிடமே கொடுத்தனுப்பினார்.
நேரில் போக அவருக்கு முகமில்லையாம்.

பின்வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள்.
என் எதிரிலேயே எண்ணினாள்.
ஐயாயிரத்து எழுநூறு.
விரலை நாக்கில் தொட்டு
இன்னொரு முறை எண்ணினாள்.
அன்றைக்குப் பேனா நீட்டியது
நான் இல்லையா.
நின்றேன்.