கழித்தல்

தர்ஷித்துக்கு எண்ணத் தெரியும்,
ஒன்றிலிருந்து அல்ல.
இருபத்தஞ்சு, அம்பது, எழுபத்தஞ்சு, நூறு
என்று தாவித் தாவிப் போவான்.
நடுவிலிருக்கும் எண்களெல்லாம்
அவனுக்குக் கட்டுக்குள் போய்விட்ட பீடிகள்.

குடியாத்தம். இரண்டாம் வகுப்பு.
கவுண்டன்யா ஆற்றோரச் சந்தில் ஒற்றை அறை.
அம்மா அமுலு இலை வெட்டுவாள், தூள் வைத்துச் சுருட்டுவாள்.
பிள்ளை கை படக்கூடாது என்பதில் கறார்.
நூல்கண்டு உருண்டோடாமல்
பிடித்துக்கொள்ள மட்டும் அவனுக்கு அனுமதி.

கழித்தல் நடத்தினேன் ஒரு செவ்வாய்க்கிழமை.
"நூறுல எட்டு போனா?"
வகுப்பு விரல் மடக்கிக்கொண்டிருக்கையில்
எழுந்து நின்று சொன்னான்:
"அம்மா மறுபடியும் ஒக்காரும் டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை.
பாதிப் பேர் வீட்டில் அதே விடை.

பெங்களூரிலிருந்து அப்பா போனில் சொன்னது,
சிரசுக்கு வந்துவிடுவேன் என்று.
அம்மன் தலை ஊரெல்லாம் சுற்றி
கோபாலபுரத்தில் உடம்போடு சேர்ந்தது.
அவர் சேரவில்லை.
கூட்டத்தில் பார்த்தேன் இவனை.
தங்கச்சியை இடுப்பில் ஏற்றி
எக்கி எக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்:
"அதோ பாரு, கண்ணு பாரு, எம்மாம் பெருசு!"

பிறகு வேலூரில் எங்களுக்குப் பயிற்சி.
திரையில் பெரிய எழுத்தில்
மீண்டெழும் திறன்.
அப்படிப்பட்ட குழந்தை உங்கள் வகுப்பில் உண்டா?
படிவத்தில் அவன் பெயரை எழுதினேன்,
அழகான கையெழுத்தில்.
யார் தள்ளிவிட்டது என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.
டீ, சமோசா வந்தன.
பெயரை அடித்துவிட்டேன்.

போன வாரம் அவன் ரப்பர் காணாமல் போனது.
ஸ்ட்ராபெர்ரி வடிவம், மோந்தால் வாசனை வரும்.
அழுதான் பாருங்கள்,
தரையில் விழுந்து, சட்டையெல்லாம் சளி,
பக்கத்து வகுப்பு எட்டிப் பார்க்கும்படி,
கரண்ட் பிடுங்கிப்போன அன்று அழாதது,
அம்மாவுக்கு மூச்சிரைத்த ராத்திரி அழாதது,
எல்லாம் சேர்த்து ஒரு ரப்பருக்கு.

தேற்றத்தான் போனேன்.
பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.
ஏழு வயசுக்கு
ரப்பர்தான் சரியான அளவு.

மத்தியானம் அது மோனிகா பையில் கிடைத்தது.
மோந்து பார்த்துவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் அங்கன்வாடி வாசல்.
ஐந்தே படி.
தங்கச்சி கையைப் பிடித்து இறக்குகிறான்:
ஒண்ணு, சொல்லு. ரெண்டு.
மூணு.
அஞ்சு என்கிறாள் அவள்.

விடவில்லை.
மேலே கூட்டிப்போய்
மறுபடியும் முதலிலிருந்து.